ரிப்போர்ட்டில் இல்லை என்றால் உடம்பிலும் இல்லையா? எச்ஐவி பற்றிச் சில கேள்விகள்

நான் மும்பையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. மாத்திரையை மாற்றுவதும் நிறுத்துவதும் எச்ஐவி மாத்திரை தருகிற உங்கள் ஏஆர்டி சென்டர் டாக்டர் சொல்ல வேண்டியது. கிருமி உடம்பில் எங்கே இருக்கும், எங்கே இருக்காது என்று வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏரியா மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் வேண்டாம்.

தாராவி: அக்கா, ரெண்டு வருஷமா மாத்திரை போடுறேன். இப்போ வைரல் லோடு ரிப்போர்ட்ல ஒண்ணும் தெரியலைன்னு வந்திருக்கு. கிருமி போயிடுச்சுதானே, நிறுத்திடலாமா?

நிறுத்தாதீங்க தம்பி. ஊதா மூடிக் குழாயில் உங்களிடம் எடுத்த ரத்தத்தை மெஷினில் சுற்றி எடுத்தால் மூன்று அடுக்காகப் பிரிந்து நிற்கும். அடியில் சிவப்பணு, மேலே மஞ்சள் நீர், இரண்டுக்கும் நடுவில் பாலாடை மாதிரி மெல்லிசாக ஒரு வெள்ளைப் படலம். வைரல் லோடு, அதாவது வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு, பார்ப்பது அந்த மஞ்சள் நீரில் மட்டும்தான். வைரஸ் ஒளிந்திருப்பது வெள்ளைப் படலத்தில் இருக்கிற சிடி4 என்கிற நோய் எதிர்ப்பு அணுக்களுக்குள்ளே, அதுவும் அணுவின் மரபணுவோடு தன்னுடையதையும் கோத்துவிட்டு அசையாமல் படுத்திருக்கும். மாத்திரை அது பெருகுவதைத் தடுக்கும், தூங்குவதை எழுப்பித் துரத்தாது. நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே ரத்தத்தில் திரும்பத் தலைகாட்டும். அப்புறம் இன்னொன்று, சிடி4 அணுக்களும் சேர்ந்த லிம்போசைட் என்கிற வெள்ளணு வகையில் ரத்தத்தில் ஓடுவது சுமார் 2 சதவீதம்தான், மற்றதெல்லாம் நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் குடல் சுவரிலும் குடியிருக்கிறது. லோக்கல் ரயிலில் கூட்டமில்லை என்பதால் தாராவியே காலி என்றா அர்த்தம்?

குர்லா: எனக்கு ஆரம்பத்துல கழுத்துல நெறி கட்டிச்சு, வயிறும் போச்சு. ரெண்டும் இதனாலயா?

இருக்கலாம். நெறி கட்டுகிற இடம்தான் நிணநீர்க் கணு, சிடி4 அணுக்கள் கூடுகிற இடம். 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா பாரே-சினூசி, லுக் மொந்தாஞியே குழு இந்த வைரஸை முதலில் பிடித்ததே ஒரு நோயாளியின் நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்த அணுக்களில்தான். குடலைப் பொறுத்தவரை, தொற்றிய முதல் சில வாரங்களிலேயே குடல் சுவரில் இருக்கும் சிடி4 அணுக்கள் ஏராளமாக அழிந்துபோகும், வெளியே நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே. ஆனால் நெறி கட்டினாலே எச்ஐவி என்று பயப்பட வேண்டாம். சொத்தைப் பல்லுக்கும் கட்டும், டிபிக்கும் கட்டும்.

செம்பூர்: மகன் எங்களோடதான் இருக்கான். டம்ளர், தட்டு எல்லாம் தனியா வைக்கணுமாம்மா?

வேண்டாம்மா. பரவுகிற அளவுக்கு இந்த வைரஸ் இருப்பது ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் இவற்றில்தான். எச்சில், வியர்வை, கண்ணீர் வழியாக ஒட்டாது. தனி டம்ளரால் கிருமி நிற்கப்போவதில்லை, பிள்ளை மனசுதான் நொறுங்கும். ஷேவிங் பிளேடு மட்டும் அவரவருக்குத் தனி, அது எந்த வீட்டிலும் அப்படித்தான் இருக்கணும்.

சயான்: கொசு?

இல்லை. கொசுவின் வயிற்றில் எச்ஐவி பெருகாது, செரித்துப்போகும்.

மாட்டுங்கா: ரத்தத்துல தெரியாட்டியும் விந்துல ஒளிஞ்சிருந்தா மனைவிக்கு வராதா?

நல்ல கேள்வி. விந்தகமும் அது ஒளிகிற இடங்களில் ஒன்று, விந்தில் எப்போதாவது கொஞ்சம் தென்படுவதும் உண்டு. ஆனாலும் மாத்திரை விடாமல் போட்டு ரத்தத்தில் தெரியாத அளவிலேயே வைத்திருந்த தம்பதிகளை வருடக்கணக்கில் கவனித்தபோது, அந்தத் துணையிடமிருந்து உடலுறவு வழியாக ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. மேகவெட்டை, கிரந்தி மாதிரியானவற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதற்கு ஆணுறைதான்.

அந்தேரி: அண்ணிக்கு எச்ஐவி, இது எட்டாம் மாசம். தாய்ப்பால் விஷம்னு அத்தை சொல்றாங்க.

அத்தையிடம் இதைச் சொல்லுங்கள். எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால் கர்ப்பம், பிரசவம், பால் எல்லாம் சேர்த்துக் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். சிகிச்சை எடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே. அண்ணி மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கலாம். இடையிடையே பால்பவுடர், தேன், சர்க்கரைத் தண்ணீர் என்று கலந்து கொடுப்பதுதான் ஆபத்து. குழந்தைக்கும் பிறந்தவுடன் மருந்து உண்டு, பிரசவத்துக்கு முன்னாடியே சென்டரில் பேசிவைத்துக்கொள்ளுங்கள், இலவசம்தான். போக முடியாவிட்டால் எச்ஐவி உதவி எண் 1097க்குப் போன் போடுங்கள்.