எஃப் ஓட்டைக்குள் கை விடும் முன்: செமி ஹாலோ கிடார் கேள்வி பதில்

வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரை பலர் கேட்ட கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்திருக்கிறேன். செமி ஹாலோ என்று நான் சொல்வது, இரண்டு பக்கமும் கூடாக இருந்து நடுவில் நீளவாக்கில் ஒரு மரக்கட்டை ஓடும் கிடாரை. 1958-ல் கிப்ஸன் இஎஸ்-335 கொண்டுவந்த அமைப்பு அது. எபிபோன் டாட், ஐபனெஸ் ஆர்ட்கோரின் ஏஎஸ் வரிசை எல்லாம் அந்த வழிதான். மேல்பலகையில் எஃப் எழுத்து வடிவில் வெட்டியிருப்பதுதான் எஃப் ஓட்டை. நடுக்கட்டை இல்லாத முழுக்கூடு கிடார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பார்த்துப் படியுங்கள்.

அண்ணே, செகண்ட் ஹேண்டில் ஒரு செமி ஹாலோ வாங்கினேன். சத்தம் மந்தமாக இருக்கிறது. பிக்கப்பை மாற்றிவிடலாமா? (வியாசர்பாடி)

அவசரப்படாதே தம்பி. முதலில் புது ஸ்ட்ரிங் போடு. அப்புறம் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஸ்ட்ரிங்கின் அதிர்வைக் கரண்டாக மாற்றும் பிக்கப்பின் உயரத்தைப் பார். கடைசி ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஸ்ட்ரிங்கை அழுத்திக்கொண்டு அளந்தால், கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப்புக்கு 2.4 மில்லிமீட்டர், ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் இருக்கும் பிரிட்ஜ் பிக்கப்புக்கு 1.6 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கலாம். கிப்ஸன் சொல்லும் அளவு இது. செகண்ட் ஹேண்டில் வரும் கிடார்களில் நெக் பிக்கப் ஸ்ட்ரிங்கை உரசுகிற அளவு ஏறியிருக்கும், பிரிட்ஜ் பிக்கப் குழிக்குள் கிடக்கும். பாதி மந்தம் அங்கேயே போய்விடும், செலவு பூஜ்யம்.

அடுத்து நெக் வளைவு. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, நெக் உடலோடு சேரும் ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டில் இடைவெளி பார். 0.2 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. அளக்க ஃபீலர் கேஜ் வேண்டும். தெருமுனை டூ வீலர் மெக்கானிக்கிடம் டேப்பட் செட் செய்ய வைத்திருப்பாரே, அதே சாமான்தான். வளைவைச் சரிசெய்ய நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் திருப்புக்கு மேல் திருப்பாதே. இதெல்லாம் முடித்த பிறகும் மந்தம் என்றால் வா, பேசலாம். அப்போதும் நான் முதலில் கைவைப்பது வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) மேல்தான், பிக்கப்பில் இல்லை.

வால்யூம், டோன் பாட் நாலையும் மாற்ற வேண்டும். பின்னால் மூடியே இல்லையே, எப்படி வெளியே எடுப்பது? (தண்டையார்பேட்டை)

இந்தக் கிடாரின் உண்மையான சோதனை இங்கேதான். எல்லாம் எஃப் ஓட்டை வழியாகவோ, பிரிட்ஜ் பிக்கப்பைக் கழற்றிய குழி வழியாகவோதான் போய் வர வேண்டும். குழியிலிருந்து கூட்டுக்குள் வழி வெட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொளத்தூர் மீன் மார்க்கெட்டில் தொட்டிக்குக் காற்று விடும் பிளாஸ்டிக் குழாய் இரண்டு மீட்டர் வாங்குங்கள். துண்டு துண்டாக வெட்டி, நுனியை வெந்நீரில் முக்கி இளக்கினால் பாட்டின் தண்டில் இறுக்கமாக ஏறும். நட்டைக் கழற்றும் முன்பே ஒவ்வொரு தண்டிலும் குழாயை மாட்டி, எது எந்த ஓட்டை என்று பேப்பர் ஒட்டி எழுதிவிடுங்கள். பாட் உள்ளே போய் வெளியே வரும்போது குழாயின் மறுமுனை ஓட்டையிலேயே நிற்கும். புதுசை அதே குழாயில் மாட்டி மெதுவாக இழுத்தால் தானாக வந்து உட்காரும். ஜாக்குக்குப் பழைய ஈ ஸ்ட்ரிங் போதும். ஜாக்கின் உள்பக்கத்திலிருந்து நுழைத்தால் முனையிலிருக்கும் உருண்டை தடுத்து நிற்கும்.

புது வயரிங்கை உள்ளே வைத்து சால்டர் செய்ய நினைக்கவே வேண்டாம். நாலு ஓட்டைகளின் இடத்தையும் அட்டையில் வரைந்து குத்தி, பாட்டுகளை அதில் மாட்டி, மேஜை மேல் வைத்தே வேலையை முடியுங்கள். பாட்டின் முதுகில் எர்த் வயர் பிடிக்க 25 வாட் அயர்ன் திணறும், 40 வாட் வேண்டும். எஃப் ஓட்டையின் ஓரம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பெயின்ட் அங்கேதான் பெயரும்.

வாங்கும்போது: ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) 500கே, அதாவது 500 கிலோ ஓம் பாட்; வால்யூமுக்கு ஏ வகை (லாகரிதமிக்). ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சும்மா 500கே என்று கேட்டால் பி வகையும் (லீனியர்) வரலாம். பாட்டுகள் 20 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கும் என்பதால் மல்டிமீட்டர் வைத்து அளந்து, கூடுதலாகக் காட்டுவதை வால்யூமுக்கு ஒதுக்குங்கள். அமெரிக்க சிடிஎஸ் பாட்டின் கழுத்து சுமார் 9.5 மில்லிமீட்டர். ஆசியக் கிடார்களில் ஓட்டை பெரும்பாலும் அதைவிடச் சிறிது, துருவ வேண்டிவரும். அதைவிடச் சின்ன பாட்டே நல்லது என்பேன். எஃப் ஓட்டையிலும் சுலபமாக நுழையும்.

டோன் கெபாசிட்டர் 0.022 மைக்ரோ ஃபாரட். அதை வால்யூம் பாட்டின் நடுக்காலில் இணைத்துப் பாருங்கள், 50-களின் வயரிங் என்பது அதுதான். வால்யூமைக் குறைக்கும்போது கீச்சு (ட்ரெபிள்) அவ்வளவாகச் சாகாது. கடைசியாக, ஸ்ட்ரிங்குகளின் பின்முனையைப் பிடிக்கும் ஸ்டாப் பாரின் புஷ்ஷிலிருந்து வரும் ஒற்றை எர்த் வயரை மறந்து உள்ளே விட்டுவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி வெளியே எடுக்க வேண்டும்.

அண்ணா, சர்ச் கொயரில் வாசிக்கிறேன். சத்தம் கூட்டினால் ஊளையிடுகிறது. (ராயபுரம்)

எந்த ஊளை என்று முதலில் பாருங்கம்மா. கூர்மையான கீச் சத்தம், பிக்கப் மூடியைப் பேனாவால் தட்டினால் ஸ்பீக்கரில் கேட்கிறது என்றால் பிக்கப் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது. மெழுகில் முக்க வேண்டும். பாரஃபின் மெழுகை நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, 65 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டினால் பிக்கப்பின் கம்பி சுற்றிய பாபின் கோணிக்கொள்ளும். பழக்கப்பட்டவரிடம் கொடுப்பதே மேல்.

அடித்தொண்டையில் ஊங் என்று வந்தால் அது உடலின் அதிர்வு. எஃப் ஓட்டைகளை உள்ளிருந்து ஸ்பாஞ்சால் அடைத்துப் பாருங்கள், எடுக்கச் சுலபமாக ஒரு நூல் கட்டி. ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் பெயரில் கிப்ஸன் 1980-ல் விட்ட லூசில் மாடலில் எஃப் ஓட்டையே கிடையாது, காரணம் இதே தொல்லைதான். இதற்கும் முன்னால், மானிட்டருக்கு நேராக நிற்காமல் இரண்டடி தள்ளி நின்று பாருங்கள்.

கடல் காற்றில் எல்லாம் துருப்பிடிக்கிறது. தங்க முலாம் போட்ட பார்ட்ஸ் போடலாமா? (காசிமேடு)

வேண்டாம். தங்க முலாம் வியர்வையிலேயே தேய்ந்து போகும். வாசித்து முடித்ததும் துடைப்பது, பிரிட்ஜ் திருகுகளுக்கு ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய், பெட்டிக்குள் சிலிகா ஜெல், கோட்டிங் உள்ள ஸ்ட்ரிங். பாட் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர். மழைக்காலத்தில் ஸ்ட்ரிங் உயரம் கூடுவது மரம் ஈரம் குடிப்பதால், கிடார் கெட்டுப்போகவில்லை.

தம்பி, நான் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். பழைய கிடாரில் பிக்ஸ்பி மாட்ட ஆசை. துளை போட மனசு வரவில்லை. (பெரம்பூர்)

துளை போடுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது ஐயா. ஆனாலும் போட வேண்டாம். பிக்ஸ்பி என்பது கைப்பிடியை அசைத்து சுருதியை ஆட்டும் சாமான்; இந்த வகை உடலுக்கு பிக்ஸ்பி பி7. அதை ஸ்டாப் பார் இருந்த அதே இரண்டு ஓட்டைகளில் உட்கார வைக்க வைப்ரமேட் வி7 என்ற தகடு வருகிறது. உங்கள் கிடார் வெளிநாட்டு இஞ்சு அளவா, மில்லிமீட்டர் மரையா என்று அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். மாட்டிய பிறகு சுருதி நிற்கவில்லை என்றால் பிக்ஸ்பியைத் திட்டுவதற்கு முன், நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் பள்ளத்தில் உட்காரும் துண்டான நட்டைப் பாருங்கள். ஜி ஸ்ட்ரிங் அங்கே சிக்கி டிங் என்று விடுவிக்கும். பென்சில் கரி தேய்த்தால் தற்காலிகமாகச் சரியாகும், எலும்பு நட் நல்லபடி அறுத்துப் போட்டால் நிரந்தரமாக.

காயில் ஸ்ப்ளிட் செய்ய புஷ்-புல் பாட் போடட்டுமா? (மாதவரம்)

காயில் ஸ்ப்ளிட் என்றால் ஹம்பக்கரின் இரண்டு சுருளில் ஒன்றை மட்டும் ஒலிக்க விடுவது. பிக்கப்பிலிருந்து நாலு வயரும் ஷீல்டும் வந்தால் செய்யலாம். ஒற்றை வயர் பின்னல் என்றால் முடியாது. இழுத்தால் சுவிட்சாகும் புஷ்-புல் பாட்டின் அடிப்பகுதி பருமன், எஃப் ஓட்டையில் நுழையுமா என்று வாங்கும் முன் அளவு பாருங்கள்.

கானா கச்சேரியில் மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கிறது. கிடாரில் எர்த் வயரை வெட்டிவிடச் சொல்கிறார்கள். (புளியந்தோப்பு)

வெட்டாதே தம்பி. வெட்டினால் இரைச்சல் கூடும், கோளாறு அப்படியே இருக்கும். ஆம்ப்பும் மிக்சரும் வேறு வேறு இடத்திலிருந்து கரண்ட் எடுக்கின்றன, அல்லது யாரோ மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஜெனரேட்டர் போட்ட பந்தலில் இது சகஜம். இரண்டையும் எர்த் உள்ள ஒரே போர்டில் மாட்டச் சொல், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொல். மேடை ஏறும் முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஸ்ட்ரிங்கிலும் மறுமுனையை மைக் வலையிலும் வை. கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் சவுண்ட் சர்வீஸ்காரர் சரி செய்யும் வரை பிளக்கை மாட்டாதே, கமிட்டிக்காரர்கள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.