“மிஸ் படிப்பிக்கிறாவே இல்லை!” – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு தாயார், “கம்பஸில் சும்மா ஸ்லைட் வாசிக்கிறார்களாமே?” என்று கேட்டதற்கு நான் கொடுத்த பதில் சிலரைச் சுட்டுவிட்டது போல. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பல்கலைக்கழக ஆட்களுடையவை. நானும் கொழும்பில் பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள்தான். கடைசிக் காலத்தில் இளம் விரிவுரையாளர்களின் வகுப்புகளில் பின்வாங்கில் இருந்து பார்ப்பதே என் முக்கால்வாசி வேலையாக இருந்தது. அதனால் இந்தமுறை பக்கத்தை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். பெயர்களைப் போடவில்லை. கேட்டவர்களும் அதைத்தான் விரும்பினார்கள்.

தகுதிகாண் காலத்தில் இருக்கும் விரிவுரையாளர் நான். பதவி உறுதிப்பாட்டுக்கு வேண்டிய கற்பித்தல் சான்றிதழ்ப் பாடநெறியை முடித்துவிட்டேன். அங்கே சொல்லித் தந்தபடி வகுப்பில் குழுவாகக் கதைக்க வைத்தேன். மூன்றாம் கிழமையே மாணவப் பிரதிநிதி துறைத் தலைவரிடம் போய், “மிஸ் படிப்பிக்கிறாவே இல்லை, எங்களைக் கதைக்க விட்டிட்டு நிற்கிறா” என்று முறையிட்டுவிட்டார். தலைவரோ, “பழையபடி நோட்ஸ் குடுங்கோ, வில்லங்கம் வேண்டாம்” என்கிறார். இனி என்ன செய்வது?
– தெஹிவளை வாசகி

பிள்ளை, உங்கள் மாணவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றுகிறது. ஹாவர்ட் பல்கலைக்கழகப் பௌதிகவியல் வகுப்புகளில் செய்து 2019 இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. ஒரே பாடத்தை ஒரு பகுதியினருக்குக் கைதேர்ந்த ஆசிரியர் ஒருவர் அழகாக விரிவுரை செய்தார். மற்றப் பகுதியினர் குழுவாக இருந்து கணக்குகளோடு மல்லுக்கட்டினார்கள். பிறகு வைத்த சோதனையில் மல்லுக்கட்டியவர்களே கூடப் புள்ளி எடுத்தார்கள். ஆனால் “எவ்வளவு படித்தீர்கள்?” என்று கேட்டால், விரிவுரை கேட்டவர்கள்தான் தாங்கள் நிறையப் படித்ததாகச் சொன்னார்கள். தடங்கல் இல்லாத பேச்சைக் கேட்கும்போது எல்லாம் விளங்கின மாதிரி இருக்கும். தானாக யோசித்துத் தடுமாறும்போது ஒன்றும் விளங்காத மாதிரி இருக்கும். பரீட்சை மண்டபத்தில் இது தலைகீழாகிவிடும். ஆகவே அடுத்த வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கி இதை அவர்களுக்கே சொல்லுங்கள். ஒளித்து வைத்துச் செய்கிற வித்தை இல்லையே இது.

அது மட்டும் போதாது. நம் பிள்ளைகளிடம் இதைவிடப் பலமான ஒரு காரணம் இருக்கிறது: பாஸ்ட் பேப்பர். உயர்தரம் முழுக்க ரியூட், மாதிரி விடை, பேப்பர் கிளாஸ் என்று வளர்ந்த பிள்ளைகள். கம்பஸ் வந்ததும் முதல் வேலையாக சீனியரிடம் போன வருட வினாத்தாளை வாங்குகிறார்கள். அதில் “பணவீக்கத்தின் வகைகளை விளக்குக” என்று இருந்தால், நோட்ஸ் எழுதிப் பாடமாக்குவதுதான் புத்தி. நீங்கள் வகுப்பில் என்ன புதுமை செய்தாலும், “இது எக்ஸாமுக்கு வருமா?” என்ற கேள்வியில் எல்லாம் அடிபட்டுப் போகும். அவர்களின் கணக்கு சரி. வினாத்தாள்தான் பிழை.

அங்கேதான் கை வைக்க வேண்டும். ஐந்து கேள்வியில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், போதும். வகுப்பில் எதைச் செய்யச் சொல்கிறீர்களோ, அதையே அந்தக் கேள்வி கேட்கட்டும். புள்ளித்திட்டத்தையும் விவரமாக எழுதி, வினாத்தாளைச் சரிபார்க்கிற மொடரேட்டருக்குச் சேர்த்தே அனுப்புங்கள். கேள்வி வித்தியாசமாக இருப்பதைவிட, எதற்கு எத்தனை புள்ளி என்று தெரியாததுதான் மொடரேட்டர்களைக் கலங்கடிக்கும். மாதிரிக்கு ஒன்றை மாணவர்களுக்கும் இப்போதே கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. “குழுவாகக் கதையுங்கள்” என்றால் எதைக் கதைப்பது? நல்ல கேள்வி இல்லாத குழு வேலை அரட்டைதான். நான் கொடுத்த ஒரு கேள்வியைச் சொல்கிறேன். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8%. ஒரு வருடம் கழித்து 1.3%. அப்படியானால் அந்த ஒரு வருடத்தில் பொதுவாக விலைகள் குறைந்தனவா, ஏறக்குறைய அப்படியே இருந்தனவா, பழைய விலைக்கே திரும்பினவா? ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை நெஞ்சருகே வைத்துக் காட்டச் சொன்னேன். பக்கத்தில் இருப்பவர் பார்த்து மாற்றாமல் இருக்கத்தான் நெஞ்சருகே. பாதிப் பேர் “குறைந்தன” என்றார்கள். விடையைச் சொல்லாமல், பக்கத்தில் வேறு விரல் காட்டியவரோடு கதைக்க விட்டேன். மூன்றாம் வரிசையில் ஒரு பிள்ளை போனில் கணக்குப் போட்டு, “டேய், நூறு ரூபா சாமான் நூற்றெழுபதாச்சு, பிறகு நூற்றெழுபத்திரண்டு. எங்கடா குறைஞ்சது?” என்று பக்கத்துப் பையனை விரட்டினாள். நான் அரை மணித்தியாலம் விளக்கினாலும் அந்த ஒரு வசனம் செய்த வேலையைச் செய்திருக்க மாட்டேன். மறுபடி விரல் காட்டச் சொன்னபோது அநேகமாக எல்லாரும் இரண்டில் நின்றார்கள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹாவர்டில் எரிக் மசூர் என்ற பௌதிகவியல் பேராசிரியர் 1991 முதல் செய்துவந்த முறை. முதல் சுற்றில் 30 முதல் 70 சதவீதம் வரை சரியாகச் சொன்னால் கதைக்க விட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அதற்குக் குறைந்தால் நீங்கள் திரும்ப விளக்க வேண்டும். கூடினால் அடுத்த விஷயத்துக்குப் போகலாம்.

தலைவரிடம் தத்துவம் பேசப் போகாதீர்கள். முதல் சுற்றில் எத்தனை பேர் சரி, இரண்டாம் சுற்றில் எத்தனை பேர் சரி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஆராய்ச்சி வேண்டும் என்று கேட்டால், விஞ்ஞானம், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014 இல் வந்த முடிவைச் சொல்லுங்கள்: வெறும் விரிவுரை வகுப்புகளில் 100 பேரில் ஏறக்குறைய 34 பேர் சித்தியடையவில்லை, மாணவர்கள் தாமே ஈடுபட்டு வேலை செய்த வகுப்புகளில் 22 பேர். பெயில்காரர் குறைவது எந்தத் தலைவருக்கும் பிடிக்கும்.

எங்கள் பக்கத்து வீதி ரியூஷன் சேர் ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்குப் படிப்பிக்கிறார். அவருக்கு ஒரு ட்ரெயினிங்கும் இல்லை. இத்தனை படித்த கலாநிதிகளுக்கு எதற்குப் பயிற்சி?
– கொட்டாஞ்சேனை வாசகர்

கலாநிதிப் பட்டம் ஆராய்ச்சிக்குத்தான் பயிற்சி தருகிறது, படிப்பிக்க இல்லை. முதல் வகுப்பில் சித்தியடைந்த பிள்ளை அடுத்த வருடமே தற்காலிக உதவி விரிவுரையாளராகக் கரும்பலகை முன்னால் நிற்கிறது. நேற்று வரை பக்கத்து வாங்கில் இருந்தவர்கள் இன்று அதன் மாணவர்கள். யாராவது கைபிடித்து விட வேண்டாமா? அப்புறம், உங்கள் ரியூஷன் சேர் யாரோ போட்ட வினாத்தாளுக்குத் தயார்படுத்துகிறார். அதில் அவர் கெட்டிக்காரர், மறுக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் அந்த இளம்பிள்ளையே போட வேண்டும்.

நான் ஒரு துறைத் தலைவர். வருடா வருடம் ஹோட்டல் மண்டபம் எடுத்துக் கற்பித்தல் பற்றிச் செயலமர்வு வைக்கிறோம். எல்லாரும் வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், சான்றிதழ் வாங்குகிறார்கள். திங்கட்கிழமை வகுப்பில் பழைய ஸ்லைட்தான்.
– கொழும்பு 5 வாசகர்

சேர், மண்டபத்தை விடுங்கள். இருவர் இருவராகச் சேர்த்து ஒருவர் வகுப்பை மற்றவர் போய்ப் பார்க்க வையுங்கள். செலவு இரண்டு பிளேன் டீ.

ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். எதைப் பார்க்க வேண்டும் என்பதை வகுப்பு எடுப்பவரே முதல்நாள் சொல்லட்டும். பார்க்க வருபவர் பின்வரிசையில் இருந்து நேரத்தையும் நடந்ததையும் மட்டும் எழுதட்டும். “நல்லது”, “போதாது” என்ற சொற்கள் அந்தத் தாளில் வரக்கூடாது. அன்றைக்கே கன்ரீனில் இருந்து கதைத்துவிட்டு, தாளை வகுப்பு எடுத்தவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். உங்களிடம்கூட வரக்கூடாது. தர உறுதிப்பாட்டுக் கோப்புக்கு நிரப்புகிற சகபாடி அவதானிப்புப் படிவம் இருக்கிறதே, அது வேறு வேலை. அதை இதோடு சேர்த்தால் எல்லாரும் ஒருவருக்கொருவர் ‘மிக நன்று’ போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இதுவரை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள்.

ஒரு சிரேஷ்ட விரிவுரையாளர், “நான் பிள்ளைகளிடம் போதியளவு கேள்வி கேட்கிறேனா என்று பாருங்கள்” என்றார். நான் எழுதிக் கொடுத்த தாள் இப்படி இருந்தது: 9.20 – விளங்கினதா? 9.31 – விளங்கினதா? 9.38 – ஏதாவது சந்தேகம்? 9.38 – சரி, அடுத்தது. நேரம் இரண்டு இடத்தில் ஒன்றாக இருப்பதை அவரே விரல் வைத்துக் காட்டிச் சிரித்தார். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே இதை அளந்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு செக்கன்தான் காத்திருக்கிறார்கள். மூன்று செக்கன் பொறுத்தாலே பதில்கள் நீளுகின்றன, பேசாத பிள்ளைகளும் வாய் திறக்கின்றன. இதை ஸ்லைட்டில் போட்டுக் காட்டியிருந்தால் அவர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். தன் வகுப்பின் 9.38ஐப் பார்த்ததால்தான் கேள்வியையே மாற்றினார். “விளங்கினதா?” போய், “இதில் எந்த அடி பிழை?” வந்தது.

முதலில் உங்கள் வகுப்புக்கு ஒரு ஜூனியரை வரச் சொல்லுங்கள் சேர். தலைவர் கதவைத் திறக்காமல் மற்றவர்கள் திறக்க மாட்டார்கள்.

ஒப்படை வாங்கினால் பாதி சட்ஜிபிடி எழுதினது. கண்டுபிடிக்க நல்ல மென்பொருள் ஏதும் உண்டா?
– நாவல வாசகர், முகாமைத்துவ விரிவுரையாளர்

நம்பி ஒரு பிள்ளையின் புள்ளியை வெட்டக்கூடிய மென்பொருள் இல்லை. சட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட கண்டறியும் கருவியை, துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் திருப்பி எடுத்துக்கொண்டது. துப்பறியும் வேலையை விட்டுவிட்டு உங்கள் கேள்வியை முதலில் நீங்களே அதனிடம் கொடுத்துப் பாருங்கள். நல்ல விடை வந்தால் அந்தக் கேள்வியின் காலம் முடிந்தது.

காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தையடியில் தொடங்கி மூன்று கடைகளில் ஒரே பருப்பின் விலையை நான்கு கிழமைக்கு எழுதி வந்து, ஏன் வித்தியாசம் என்று சொல்லச் சொல்லுங்கள். பட்டியலை இட்டுக்கட்டலாம்தான். அதற்காக, குலுக்கல் முறையில் இருபது பேரைக் கூப்பிட்டு மூன்று நிமிடம் வாய்மொழியாகக் கேட்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யார் என்று முதலே தெரியாததால் எல்லாரும் கடைக்குப் போவார்கள். “எந்தக் கடைக்காரர் விலை சொல்ல மாட்டேன் என்றார்?” என்று கேட்டுப் பாருங்கள், போனவர்கள் மூச்சுவிடாமல் கதை சொல்வார்கள்.

ஆங்கில மொழிமூலம் படிப்பிக்கிறேன். தமிழ்மூலம் உயர்தரம் செய்து மட்டக்களப்பு, மன்னார், ஹற்றனிலிருந்து வந்த பிள்ளைகள் முழு செமஸ்டரும் வாயே திறப்பதில்லை. நான் தமிழில் விளக்கினால் சிங்களப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?
– கொள்ளுப்பிட்டி வாசகி

நீங்கள் தமிழில் விளக்க வேண்டாம். பிள்ளைகள் தமிழில் யோசிக்க இடம் கொடுங்கள். கேள்வியை ஆங்கிலத்தில் திரையில் போட்டு, இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு எந்த மொழியிலும் கதைக்கலாம் என்று விடுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் தமிழில் கதைப்பார்கள், சிங்களப் பிள்ளைகள் சிங்களத்தில். அதன்பிறகு எல்லாரும் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதட்டும். எழுதினதைப் பார்த்து வாசிக்கச் சொல்லியே பதில் கேளுங்கள். எழுந்து நின்று யோசித்து, மொழிபெயர்த்து, எல்லார் முன்னாலும் பேசு என்றால் யாருக்குத்தான் நாக்கு எழும்பும்? அடுத்த பாடத்தின் இரண்டு பக்கத்தை மட்டும் முதல்நாளே வட்ஸ்அப்பில் போடுங்கள். முப்பது ஸ்லைட் போட்டால் ஒருவரும் திறக்க மாட்டார்கள். நாட்கள் போக அந்தத் தமிழ்க் கதை குறையும். குறையாவிட்டாலும் பரவாயில்லை, அந்த இரண்டு வரி ஆங்கிலத்தில் வந்தால் சரி.