பிராஸ்டேட் டெஸ்ட்னாலே ஆம்பளைங்க ஏன் ஜோக் அடிச்சு நழுவுறாங்க?

பிராஸ்டேட்ங்கிறது ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழ இருக்கற ஒரு சுரப்பி, அதுல கேன்சர் இருக்கான்னு பார்க்கறதுதான் இந்த டெஸ்ட். நழுவறதுக்கு கூச்சம்தாங்க முதல் காரணம், அதை நேரா சொல்ல வாய் வராது, அதனால டாக்டரோட கிளவுஸ் பத்தி ஒரு கிண்டல், ஒரு சிரிப்பு, அப்படியே பேச்சை மாத்திடுவாங்க. நம்ம ஊர்னு இல்ல, அமெரிக்கா இங்கிலாந்துலயும் இதே கிளவுஸ் ஜோக்தான் ஓடுது. சிரிச்சுக்கிட்டே போய் டெஸ்ட் எடுத்துட்டா நல்லதுதான், பயம் குறையும். சிரிச்சுட்டு போகாமலே விடுறதுதான் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு.

நடக்கறது இவ்வளவுதான்: இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்து முழங்காலை மடக்கிக்கணும், டாக்டர் கிளவுஸ்ல ஜெல்லி தடவி ஒரு விரலை ஆசனவாய் வழியா விட்டு சுரப்பியோட பின்பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பார், விரல் முட்டி மாதிரி கெட்டியா எங்கயாவது தட்டுப்படுதான்னு. ஒரு நிமிஷம்கூட ஆகாது, கொஞ்சம் அசௌகரியமா இருக்கும், ஒன்னுக்கு வர்ற மாதிரி தோணலாம். இப்பல்லாம் நிறைய இடத்துல முதல்ல பிஎஸ்ஏங்கிற ரத்த டெஸ்ட்தான் எடுக்கறாங்க, அது ஏறியிருந்தா உடனே கேன்சர்னு அர்த்தமில்ல, வீக்கம், இன்ஃபெக்‌ஷன்லயும் ஏறும்.

2018ல இங்கிலாந்து நடிகர் ஸ்டீஃபன் ஃப்ரையும் டிவி தொகுப்பாளர் பில் டர்ன்புல்லும் தங்களுக்கு பிராஸ்டேட் கேன்சர்னு வெளிப்படையா சொன்னாங்க, அதுக்கப்புறம் டாக்டர்ட்ட வந்த ஆம்பளைங்க எண்ணிக்கை எகிறி, அந்நாட்டு அரசு மருத்துவ சேவையோட தலைவரே நன்றி சொன்னார். ஜோக்கை விட ஒருத்தர் மனசு திறந்து பேசுறது எவ்வளவு வேலை செய்யுது பாருங்க!

ஆரம்பத்துல பிராஸ்டேட் கேன்சருக்கு பெரும்பாலும் அறிகுறியே இருக்காது, அதனால 50 வயசானா டாக்டர்ட்ட பேசுங்க, அப்பா அண்ணன் தம்பிக்கு வந்திருந்தா 45லயே.