எந்த ஸ்கோப் வாங்கலாம்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டிவி, எல்இடி டிரைவர், இன்வர்ட்டர் போர்டு எல்லாம் பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். இத்தனை நாள் மல்டிமீட்டரை வைத்தே ஓட்டிவிட்டேன். இப்போது மின் அலையைத் திரையில் வரைந்து காட்டுகிற ஆஸிலோஸ்கோப் ஒன்று வாங்கலாம் என்று பணம் சேர்த்திருக்கிறேன். 50 மெகாஹெர்ட்ஸ் போதுமா, 100 வேண்டுமா, 200 வேண்டுமா? கடைக்குக் கடை வேறு வேறு மாதிரி சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், ஈரோடு

உங்கள் வேலைக்கு 50 போதும். கொஞ்சம் கூடுதல் விலையில் 100 கிடைத்தால் எடுங்கள். 200-க்குப் போகவே வேண்டாம், அந்தப் பணத்துக்கு உங்கள் மேஜையில் வேறு வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

முதலில் பேண்ட்விட்த் என்று சொல்கிற அந்த மெகாஹெர்ட்ஸ் எண்ணைப் புரிந்துகொள்வோம். பெட்டியில் 50 என்று போட்டிருந்தால் 50 வரைக்கும் எல்லாம் அப்படியே தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 50 மெகாஹெர்ட்ஸில் 1 வோல்ட் சைன் அலையைக் கொடுத்தால் திரையில் சுமார் 0.7 வோல்ட்தான் தெரியும், அதாவது அந்த எல்லையைத் தொடும்போதே 30 சதவீதம் காணாமல் போயிருக்கும். சதுர அலை என்றால் இன்னும் மோசம், ஏனென்றால் சதுர அலைக்குள் 3 மடங்கு, 5 மடங்கு அதிர்வெண்கள் எல்லாம் சேர்ந்து இருக்கின்றன, அவை போய்விட்டால் மூலைகள் மழுங்கி சைன் அலை மாதிரி ஆகிவிடும். அதனால்தான் பார்க்கிற சிக்னலைவிட 5 மடங்கு பேண்ட்விட்த் இருக்கட்டும் என்று சொல்வது வழக்கம்.

இதைவிட எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. 0.35-ஐ பேண்ட்விட்த்தால் வகுத்தால் அந்த ஸ்கோப் காட்டக்கூடிய மிக வேகமான ஏற்றத்தின் நேரம் கிடைக்கும். 50 மெகாஹெர்ட்ஸுக்கு 7 நானோ செகண்ட், 100-க்கு 3.5. இப்போது உங்கள் மேஜைக்கு வாருங்கள். எல்இடி டிரைவர், டிவி சப்ளை எல்லாம் பெரும்பாலும் நூறு கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் சுவிட்ச் ஆகின்றன, சுவிட்ச் வேலை செய்கிற டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட்டின் கேட் (அதை ஆன், ஆஃப் செய்கிற கால்) ஏறி இறங்குவதற்குப் பல பத்து நானோ செகண்ட் எடுக்கும். 7 நானோ செகண்ட் ஸ்கோப் இதைத் தாராளமாகக் காட்டும். வைஃபை, எச்டிஎம்ஐ சிக்னலையே நேரடியாகப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 200-ம் உதவாது. எனவே யாரிடம் கேட்பதற்கும் முன்னால், கடைக்கு வருகிற போர்டுகளில் எது மிக வேகமான சிக்னல் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

மெகாஹெர்ட்ஸைப் பற்றியே எல்லாரும் பேசுவதால் விட்டுப் போவது மெமரி. நொடிக்கு 100 கோடி சாம்பிள் (அலையின் அளவுப் புள்ளி) எடுக்கிற ஸ்கோப்பில் 1 கோடியே 20 லட்சம் புள்ளி மெமரி இருந்தால் அந்த முழு வேகத்தில் 12 மில்லி செகண்ட் நீளத்துக்குப் பதிவு செய்யலாம். மெமரி சில ஆயிரம் புள்ளிதான் என்றால் நேர அளவைக் கொஞ்சம் நீட்டியவுடன் ஸ்கோப் தானாகவே சாம்பிள் வேகத்தைக் குறைத்துவிடும், அப்புறம் நடுவில் வந்து போன துடிப்பு திரையில் வராது, சில சமயம் இல்லாத அதிர்வெண் ஒன்று இருப்பது போலக் கூடக் காட்டும். சப்ளை ஆன் ஆகி உடனே ஆஃப் ஆகிற பழுது உங்களுக்குத் தினமும் வரும். அந்த முதல் சில மில்லி செகண்டை ‘சிங்கிள்’ ட்ரிகரில் (ஒரே ஒரு முறை பதிந்து நின்றுவிடுகிற முறை) பிடித்து, பிறகு பெரிதாக்கிப் பார்ப்பதற்கு மெமரிதான் வேண்டும்.

சேனல், அதாவது ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய சிக்னல், 2 போதுமா, 4 வேண்டுமா என்பது அடுத்தது. 2 சேனலில் பெரும்பாலான வேலை நடக்கும். ஆனால் சப்ளை வோல்ட், கேட், ஃபீட்பேக், கரண்ட் சென்ஸ் நான்கையும் ஒரே நேரத்தில் பார்த்தால் எது முதலில் தடுமாறியது என்று சட்டென்று தெரிந்துவிடும். 100 மெகாஹெர்ட்ஸ் 2 சேனலா, 50 மெகாஹெர்ட்ஸ் 4 சேனலா என்று ஒரே விலையில் வந்தால் பழுது பார்ப்பவருக்கு நான் 4 சேனலையே சொல்வேன். இதில் சிலர் கருத்து வேறுபடுவார்கள், பரவாயில்லை.

எந்த மாடல் என்று பெயரும் சொல்லிவிடுகிறேன். ரைகால் டிஎஸ்1054இசட் 50 மெகாஹெர்ட்ஸ், 4 சேனல், நான் மேலே சொன்ன 12 மில்லி செகண்ட் கணக்கு அதனுடையதுதான். நான்கு சேனலையும் போட்டால் சாம்பிள் வேகம் நான்காகப் பங்கு பிரியும், 25 கோடிக்கு இறங்கும், 50 மெகாஹெர்ட்ஸுக்கு அது போதும். பழைய மாடல், ஆனாலும் இன்னும் நம்பி வாங்கலாம். சிக்லென்ட் எஸ்டிஎஸ்1104எக்ஸ்-இ 100 மெகாஹெர்ட்ஸ், 4 சேனல். பட்ஜெட் இடித்தால் ஹான்டெக் டிஎஸ்ஓ2சி10, 100 மெகாஹெர்ட்ஸ், 2 சேனல். புதிதாக வந்திருக்கிற 12 பிட் ஸ்கோப்புகளில் ரைகால் டிஎச்ஓ804 எட்டுகிற தூரத்தில் வந்தால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன், 70 மெகாஹெர்ட்ஸ், 4 சேனல். பழைய 8 பிட் ஸ்கோப் ஒரு அலையை 256 படிகளாகப் பிரிக்கும், 12 பிட் 4096 படிகளாகப் பிரிக்கும். பெரிய வோல்ட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற சின்ன ரிப்பிளை, அதாவது டிசியில் மிச்சமிருக்கிற ஆட்டத்தை, பார்க்கும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, அதனால் எண் எழுதவில்லை. ஆனால் கேட்கும்போது ஜிஎஸ்டி சேர்த்த விலையா, இந்தியாவிலேயே வாரண்டி உண்டா, பழுதானால் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டுத் தளத்தில் குறைவாகத் தெரிகிற விலை, சுங்க வரியும் கூரியரும் சேர்ந்தபின் பல நேரம் குறைவாக இருக்காது.

கேள்வி: எஸ்எம்பிஎஸ் (சுவிட்சிங் சப்ளை) பிரைமரியில், அதாவது கரண்ட் லைன் பக்கத்தில், ஸ்கோப்பின் அளக்கும் கம்பியான புரோப்பின் கிரவுண்ட் கிளிப்பை மாட்டியதும் ‘டப்’ என்று ஃபியூஸும் பிரிட்ஜ் டயோடும் போய்விட்டன. பக்கத்துக் கடைக்காரர், ஸ்கோப்பின் ப்ளக்கில் எர்த் பின்னை எடுத்துவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். செய்யலாமா?
– ஒரு வாசகர், மதுரை

செய்யாதீர்கள். எடுத்திருந்தால் இன்றே திரும்பப் போடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதில் நீங்கள் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

நடந்தது இதுதான். ப்ளக்கில் போடுகிற மேஜை ஸ்கோப்பில் புரோப்பின் கருப்புக் கிளிப், ஸ்கோப்பின் உடல், சுவரில் இருக்கிற எர்த் மூன்றும் ஒரே கம்பி. பிரைமரியில் இருக்கிற ‘ஹாட் கிரவுண்ட்’ எர்த் அல்ல. 230 வோல்ட் ஏசியைப் பிரிட்ஜ் நேராக்கி 325 வோல்ட் டிசி ஆக்குகிறது, அதன் மைனஸ் முனை, அதாவது இந்த ஹாட் கிரவுண்ட், ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் பேஸ் லைனோடு ஒட்டிக்கொண்டு ஆடுகிறது. அதில் கிளிப்பை மாட்டினால் பேஸை டயோடு வழியாக நேராக எர்த்தில் போட்டது போல. போனது டயோடும் ஃபியூஸும் மட்டும் என்றால் நீங்கள் தப்பித்தீர்கள்.

எர்த் பின்னை வெட்டினால் வெடிக்காது, உண்மைதான். ஆனால் அந்த 325 வோல்ட் எங்கேயும் போய்விடாது, ஸ்கோப்பின் உடலுக்கு வந்துவிடும். கைப்பிடியின் திருகு, புரோப்பை மாட்டுகிற பிஎன்சி முனையின் உலோகம், யூஎஸ்பி துளை, மற்ற சேனலின் கிளிப் எல்லாமே உயிருள்ள கம்பி. ஒரு கையால் நாப்பைத் திருகிக்கொண்டு மறு கையால் எர்த் ஆன எதையாவது தொட்டால் மின்னோட்டம் நெஞ்சின் குறுக்கே போகும்.

சரியான வழி, எர்த்திலிருந்து பிரிக்க வேண்டியது ஸ்கோப்பை அல்ல, பழுது பார்க்கிற போர்டை. 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கி அதன் வழியாகப் போர்டுக்குச் சப்ளை கொடுங்கள். நம் கடைகளில் எல்லாம் சீரிஸ் பல்பு இருக்கிறது, அது நல்ல பழக்கம், விடாதீர்கள், ஆனால் பல்பு மின்னோட்டத்தைத்தான் கட்டுப்படுத்தும், லைனிலிருந்து பிரித்துக் கொடுக்காது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்தபின் கிளிப்பை ஹாட் கிரவுண்டில் மாட்டிவிட்டால் அந்தப் புள்ளி எர்த் ஆகிவிடுகிறது என்பதையும் மறக்காதீர்கள், அதற்குப் பிறகு 325 வோல்ட் முனையைத் தொட்டால் ஷாக் அடிக்கும், எர்த் கசிவைக் கண்டால் லைனைத் துண்டிக்கிற வீட்டு ஈஎல்சிபி ட்ரிப் ஆகாது.

இன்னும் நல்ல வழி டிஃபரன்ஷியல் புரோப். அதற்கு எர்த் கிளிப்பே கிடையாது, இரண்டு முனைகளுக்கு நடுவில் இருக்கிற வோல்ட்டை மட்டும் காட்டும். விலை கணிசம்தான். 200 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்புக்குக் கொடுக்க நினைத்த கூடுதல் பணம் இதற்குப் போகட்டும் என்றுதான் ஈரோடு வாசகருக்கும் சொல்கிறேன். மாஸ்ஃபெட்டின் டிரெயினில் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து திரும்பி வருகிற வோல்ட்டும் சேர்ந்து 600 வோல்ட்டைக்கூடத் தாண்டலாம், சாதாரண 10 மடங்கு புரோப்பை (சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துக் கொடுப்பது) அங்கே வைக்கவே கூடாது.

பேட்டரியில் ஓடுகிற கையடக்க ஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது எர்த்தோடு சேராதது வசதிதான், ஆனால் சார்ஜர் கம்பியைக் குத்தியபடி வேலை செய்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். பிஎன்சி முனை பிளாஸ்டிக்கால் மூடப்பட்டிருக்கிறதா, உள்ளீட்டுக்கு எத்தனை வோல்ட், லைன் பக்கத்தில் எதுவரை பாதுகாப்பு என்று சொல்கிற CAT வகுப்பு எது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். எழுதவில்லை என்றால் லைன் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: சிஆர்ஓவை (படக்குழாய் வைத்த ஆஸிலோஸ்கோப்) முதலில் கண்டுபிடித்தவர் யார்?
– ஒரு மாணவி, தஞ்சாவூர்

கார்ல் ஃபெர்டினான்ட் பிரவுன் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர், 1897-இல். 1909-இல் மார்க்கோனியோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றவரும் இவரே, ஆனால் அது கம்பியில்லாத் தந்திக்காக. அலை திரையில் நகராமல் நிற்பதற்கு உதவுகிற ட்ரிகர் வசதியை வைத்து 1947-இல் டெக்ட்ரானிக்ஸ் கொண்டுவந்த 511 மாடல்தான் இன்றைய ஸ்கோப்புக்கு நெருங்கிய மூதாதை.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் பழைய அனலாக் சிஆர்ஓ, 20 மெகாஹெர்ட்ஸ், குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகர், காஞ்சிபுரம்

ஆடியோ ஆம்ப்ளிஃபயர் மாதிரி திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகிற அலையைப் பார்க்க அனலாக் அருமையான கருவி, ஒரு சிக்னலுக்கு எதிராக இன்னொன்றை வரைகிற எக்ஸ்-ஒய் முறையில் அது வரைகிற கோட்டின் அழகே தனி. ஒருமுறை வந்து மறைகிற துடிப்பை மட்டும் அதனால் பிடித்து வைக்க முடியாது.

வாங்குவதற்கு முன் அரை மணி நேரமாவது ஓட விடுங்கள், சூடானபின்தான் கோடு நகர்வதும் மங்குவதும் தெரியவரும். திரையில் எரிந்த தழும்பு இருக்கிறதா பாருங்கள். முன்பக்கத்தில் இருக்கிற 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை முனையில் புரோப்பை வைத்து ஒவ்வொரு வோல்ட் அளவிலும் சுவிட்சைத் திருகிப் பாருங்கள், கரகரத்து அலை துள்ளினால் சுவிட்ச் போயிருக்கிறது, உதிரி கிடைப்பது கஷ்டம். உள்ளே படக்குழாய்க்கு ஆயிரக்கணக்கான வோல்ட் இருப்பதால் மூடியைத் திறந்து நீங்களே சரிசெய்யலாம் என்று நினைத்து வாங்க வேண்டாம்.

கேள்வி: பொறியியல் இரண்டாம் ஆண்டு. ஈஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலரில் சென்சார் புராஜெக்ட் செய்கிறேன். 3,000 ரூபாய்க்குள் ஸ்கோப் கிடைக்குமா?
– ஒரு மாணவர், கோயம்புத்தூர்

இந்தப் பணத்துக்கு வருகிற டிஎஸ்ஓ138 மாதிரியான கிட் 200 கிலோஹெர்ட்ஸ் வரைதான். சோல்டரிங் பழகவும் ட்ரிகர் என்றால் என்னவென்று புரிந்துகொள்ளவும் நல்லது, அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் சென்சார் ஐ2சி, எஸ்பிஐ, யூஆர்ட் என்ற டிஜிட்டல் முறைகளில் பேசுகிறது என்றால் உங்களுக்கு வேண்டியது ஸ்கோப்பே அல்ல, லாஜிக் அனலைசர். யூஎஸ்பியில் குத்துகிற 8 சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் வகை மிக மலிவாகக் கிடைக்கிறது, பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளோடு சேர்த்தால் எந்த முகவரிக்கு எந்த பைட் போனது, பதில் வந்ததா என்று எழுத்தாகவே காட்டும். மிச்சப் பணத்தைச் சேர்த்து வையுங்கள், நல்ல ஸ்கோப்பை வேலைக்குப் போனபின் வாங்கலாம்.

கேள்வி: புது டிஜிட்டல் ஸ்கோப் வாங்கினேன். கம்ப்யூட்டர் சப்ளையின் 12 வோல்ட்டில் ரிப்பிள் 300 மில்லிவோல்ட் காட்டுகிறது. மூன்று சப்ளை மாற்றியும் அப்படியே. ஸ்கோப் கோளாறா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

ஏடிஎக்ஸ் சப்ளைக்கு 12 வோல்ட்டில் அனுமதி 120 மில்லிவோல்ட். மூன்று சப்ளையும் ஒரே அளவுக்குக் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு, நீங்கள் அளக்கிற விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. புரோப்போடு வருகிற அந்த நீளமான கருப்புக் கிளிப் வயர், புரோப் முனையோடு சேர்ந்து ஒரு வளையமாகி சுவிட்சிங் சத்தத்தையெல்லாம் ஆன்டெனா மாதிரி வாங்கிக்கொள்ளும். சோதித்துப் பாருங்கள், புரோப் முனையையும் கிளிப்பையும் ஒரே கிரவுண்ட் புள்ளியில் வையுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் கூர்முனைகள் தெரிந்தால் அவை சப்ளையில் இருந்து வந்தவை அல்ல.

கிளிப்பைக் கழற்றிவிட்டு, புரோப் பெட்டிக்குள் சின்னப் பையில் இருக்கிற ஸ்பிரிங் மாதிரியான கிரவுண்ட் முனையைப் புரோப்பின் மூக்கில் மாட்டி, வெளியீட்டுக் கெப்பாசிட்டரின் இரண்டு கால்களிலேயே நேராக வைத்து அளந்து பாருங்கள். சேனல் மெனுவில் ஏசி கப்ளிங்கும் 20 மெகாஹெர்ட்ஸ் லிமிட்டும் போடுங்கள். அளக்கிற இடத்தில் ஒரு 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக்கும் இணையாக வைப்பது வழக்கமான முறை.

புரோப்பில் 1 மடங்கு, 10 மடங்கு என்று சுவிட்ச் இருந்தால், ஸ்கோப் மெனுவிலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் திரையில் வருகிற எண் 10 மடங்கு தவறாக இருக்கும். 10 மடங்கில் வைக்கும்போது 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் மாட்டி, புரோப்பில் இருக்கிற சின்னத் திருகைப் பிளாஸ்டிக் திருப்புளியால் திருகி மேல்கோடு தட்டையாக வரும்வரை சரிசெய்யுங்கள். சேனல் மாற்றி மாட்டும்போதும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். இத்தனையும் செய்தபின் வருகிற எண்ணை எழுதி அனுப்புங்கள், அப்போதும் 120-ஐத் தாண்டினால் சப்ளையின் வெளியீட்டுக் கெப்பாசிட்டர்களைப் பற்றிப் பேசுவோம்.