முன்மொழிவில் கேள்வி எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இயந்திரப் பொறியியலில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் ப்ராஜெக்ட் முன்மொழிவு இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. தலைப்பு, ‘மெஷின் லேர்னிங் மூலம் மோட்டார் பேரிங் பழுதுகளைக் கண்டறிதல்’. 25 கட்டுரைகளைப் படித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி சுருக்கம் எழுதியிருக்கிறேன். ‘பழுதுகளை ஆராய்தல், மாடல் உருவாக்குதல், துல்லியத்தை உயர்த்துதல்’ என்று மூன்று நோக்கங்கள் கொடுத்தேன். ‘இதில் ஆராய்ச்சி எங்கே?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார் வழிகாட்டி. 8 பக்கங்களுக்குள் எழுத வேண்டும். எதை மாற்றுவது?

ஒரு முதுநிலை மாணவர்

*

அன்புள்ள மாணவருக்கு,

உங்கள் தலைப்பில் ஒரு கருவி இருக்கிறது, ஒரு துறை இருக்கிறது. கேள்வி இல்லை. அதைத்தான் வழிகாட்டி கேட்டிருக்கிறார். கேள்வி கிடைத்துவிட்டால் நோக்கம், செய்முறை, கால அட்டவணை எல்லாம் அதிலிருந்தே வரும். கிடைக்காதவரை மொழியை எவ்வளவு திருத்தினாலும் முன்மொழிவு மீண்டும் திரும்பி வரும்.

நீங்கள் படித்த கட்டுரைகளுக்குள்ளேயே நல்ல கேள்வி ஒன்று கிடக்கிறது. இந்தத் துறையில் அதிகம் பயன்படுவது கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் பொதுவில் வைத்திருக்கும் அதிர்வுத் தரவு. பேரிங்குகளில் மின்பொறி அரிப்பு முறையில் சிறு பழுதுகளை உண்டாக்கிப் பதிவு செய்தது. பல கட்டுரைகள் அந்த நீண்ட பதிவுகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, கலந்து, ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் மறு பகுதியைச் சோதனைக்கும் வைக்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே பேரிங்கின் துண்டுகள். சுமையை வைத்துப் பிரித்தாலும் பேரிங் மாறுவதில்லை. ஆகவே மாடல் கற்றது பழுதையா, அந்தக் குறிப்பிட்ட பேரிங்கின் தனி அடையாளத்தையா என்று சொல்ல வழியில்லை. அங்கே 99 சதவீதம் வருவதில் வியப்பில்லை. அதற்கு மேல் ‘துல்லியத்தை உயர்த்த’ இடமும் இல்லை.

இப்போது கேள்வியை எழுதிப் பாருங்கள்: சில பேரிங்குகளில் பயின்ற மாடல், தான் பார்த்தே இராத இன்னொரு பேரிங்கில் அதே வகைப் பழுதைக் கண்டுபிடிக்குமா? துல்லியம் எவ்வளவு சரியும்? இதற்கு ‘கண்டுபிடிக்காது’ என்று விடை வந்தாலும் ஆய்வேடு நிற்கும். முதுநிலைக்கு எடுக்கும் எந்தக் கேள்வியையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். எதிர்பார்த்த விடை வந்தால்தான் பிழைக்கும் என்ற திட்டத்தில் ஓராண்டைப் பணயம் வைக்காதீர்கள்.

நோக்கங்களில் ‘ஆராய்தல்’, ‘புரிந்துகொள்ளுதல்’ வேண்டாம். அவை முடிந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அளத்தல், ஒப்பிடுதல், தீர்மானித்தல் என்று எழுதுங்கள். எதை, எந்த அலகில், எதனோடு என்பதும் அதே வாக்கியத்தில் வரவேண்டும்.

‘எதனோடு’ என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பேரிங்கில் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே குண்டுகள் உருளுகின்றன; வெளிவளையத்தில் பழுது இருந்தால் எழும் அதிர்வெண்ணைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். 6205 என்ற எண் கொண்ட பேரிங் வகைக்கு அது ஷாஃப்ட் சுழற்சியைப் போல் ஏறத்தாழ 3.585 மடங்கு; நிமிடத்துக்கு 1797 சுற்று என்றால் சுமார் 107 ஹெர்ட்ஸ். அதிர்வின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்து அதன் அதிர்வெண்களைப் பார்க்கும் என்வலப் அனாலிசிஸ் செய்தால் அந்த இடத்தில் சிகரம் தெரியும். மேலே சொன்ன தரவு முழுவதையும் இத்தகைய முறைகளால் ஆராய்ந்து, எந்தப் பதிவு எளிது, எது கடினம் என்று ஸ்மித், ராண்டல் என்ற ஆய்வாளர்கள் 2015-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழைய முறையே போதுமான இடத்தில் உங்கள் மாடலுக்கு என்ன வேலை? மதிப்பீட்டுக் குழு இதைக் கேட்பது உறுதி. பதில் முன்மொழிவிலேயே இருக்கட்டும்.

25 சுருக்கங்களையும் எடுத்துவிட்டு ஒரே அட்டவணை போடுங்கள். வரிசைக்கு ஒரு கட்டுரை. எந்தத் தரவு, ஒவ்வொரு பழுதுக்கும் எத்தனை பேரிங், பயிற்சியையும் சோதனையையும் எப்படிப் பிரித்தார்கள், எதனோடு ஒப்பிட்டார்கள் என்பவை நெடுவரிசைகள். ‘எத்தனை பேரிங்’ என்ற நெடுவரிசையைப் பார்த்தாலே இடைவெளி தெரிந்துவிடும். ‘இதை யாரும் செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் போதாது; செய்யாததால் எந்த முடிவை நம்ப முடியவில்லை என்று சொல்லுங்கள்.

அதிக இடம் செய்முறைக்கு. அதில் கூட்டல் பெருக்கல் தெரிய வேண்டும். நல்ல நிலை, வெளிவளையம், உள்வளையம், குண்டு என 4 நிலைகள். நிலைக்கு 3 பேரிங் என்றால் 12. ஒவ்வொன்றையும் 3 வேகம், 3 சுமையில் ஓட்டினால் 108 ஓட்டங்கள். ஓட்டத்துக்கு 10 நிமிடம் வைத்தால் 18 மணி நேரம்தான். ஆனால் 12 முறை பேரிங்கைக் கழற்றி, மாட்டி, மோட்டாரையும் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கை நேர்ப்படுத்த வேண்டும். அரை நாள் வீதம் 6 முழு நாள். மாட்டும்போது விசை குண்டுகளின் வழியே போனால் அவை ஓடும் பாதையில் பள்ளம் விழும். ‘நல்ல நிலை’ என்று குறித்த பேரிங் அப்போதே கெட்டுவிடும். ஷாஃப்டில் இறுக்கமாக ஏற்றும் பேரிங்கை உள்வளையத்தில் மட்டும் அழுத்தி ஏற்றுவோம் என்று ஒரு வரி எழுதுங்கள். படிப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

ஓட்டும் வரிசையும் முக்கியம். நல்லவற்றை முதல் நாளும் பழுதானவற்றைக் கடைசி நாளும் ஓட்டினால், இடையில் மாறிய வெப்பநிலையையும் நேர்ப்பாட்டையும் மாடல் பழுது என்று கற்றுக்கொள்ளும். பேரிங்குகளின் வரிசையைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். ஒரு பேரிங்கையாவது கழற்றி, திரும்ப மாட்டி மறுபடி அளவிடுங்கள். மாட்டும் விதத்தால் மட்டும் எவ்வளவு வேறுபாடு வருகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

அதிர்வை அளக்கும் ஆக்சிலரோமீட்டரைக் காந்தத்தில் ஒட்டினால் மேல் அதிர்வெண்களில் அளவை நம்ப முடியாது. பேரிங் பழுது கிளப்பும் ஒத்ததிர்வு பல கிலோ ஹெர்ட்ஸில் இருப்பதால் ஸ்டட் திருகிப் பொருத்துவது நல்லது. மாடலைச் சோதிப்பதற்கென்று நிலைக்கு ஒரு பேரிங்கை முழுவதுமாக ஒதுக்கி வையுங்கள். துண்டுகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் ஒரு நிலைக்கு உங்கள் மாதிரி எண்ணிக்கை 3 தான் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள்.

டார்ப்பா என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி முகமைக்கு 1970-களில் தலைமை வகித்த ஜார்ஜ் ஹெயில்மையர், எந்தத் திட்டத்திடமும் கேட்க வேண்டிய சில கேள்விகளைத் தொகுத்தார். வெற்றியை இடையிலும் முடிவிலும் எப்படிச் சோதிப்பீர்கள் என்பது அவற்றில் ஒன்று. கால அட்டவணையைப் போடும்போது இதை வைத்துக்கொள்ளுங்கள். ‘3-ஆம் மாத முடிவில் முதல் பேரிங்கின் 9 பதிவுகளும் கையில் இருக்கும்’ என்பது சோதிக்கக்கூடிய வரி. ‘தரவு சேகரிப்பு நடைபெறும்’ என்பது அப்படியல்ல.

8 பக்கத்தில் சிக்கலுக்கும் கேள்விக்கும் 1, முன் ஆய்வுகளுக்கு 2, செய்முறைக்கு 3 என்று வையுங்கள். கால அட்டவணை, செலவு, இடர்கள், மேற்கோள்கள் மீதியில் அடங்கும். முன்மொழிவின் சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள்.

இடர்கள் பகுதியில் ‘கருவி தாமதமாகலாம்’ என்று எழுதி நிறுத்தாதீர்கள். எந்த நாளுக்குள் பேரிங்குகளை ஓட்டிப் பார்க்கும் சோதனை மேடை தயாராகாவிட்டால் எதற்கு மாறுவீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் கேள்விக்கு நல்ல மாற்று உண்டு. ஜெர்மனியின் பாடர்போர்ன் பல்கலைக்கழகத் தரவில் 32 பேரிங்குகள் இருக்கின்றன: 6 நல்லவை, 12 செயற்கையாகப் பழுதாக்கியவை, 14 விரைவு ஆயுள் சோதனையில் தாமே பழுதானவை. செயற்கைப் பழுதில் பயிற்றி, இயல்பான பழுதில் சோதிக்கலாம். மேடையே கிடைக்காவிட்டாலும் அந்த 32 பேரிங்குகளை வைத்து உங்கள் கேள்விக்கு விடை தேட முடியும்.

அன்புடன்