தாத்தாவின் கரும்புக் கத்தி: தேய்க்க வேண்டாம்

தாத்தா கரும்பு வெட்டிய கத்தியின் துருவைத் தேய்த்து, பிடிக்கு வார்னிஷ் அடித்து அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். கை பட்டு வழுவழுப்பான பிடியும், தீட்டித் தீட்டித் தேய்ந்த விளிம்பும்தான் அதன் மதிப்பே. மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, ஈரம் படாமல் வையுங்கள். பிடியிலிருந்து மரத்தூள் கொட்டினால் புழுதான். பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் போடுங்கள் (வீட்டில் திட்டுவார்கள், பரவாயில்லை).

அப்புறம், எந்தத் தோட்டத்தில், யார், எப்போது பயன்படுத்தினார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிவிடுங்கள். அது இல்லாவிட்டால் வெறும் இரும்புதான்.

மொரீஷியஸின் மொக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இந்தியக் குடியேறிகளுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய குடியேற்றப் பதிவேடுகளும் அங்கேதான். முதலில் படம் காட்டிக் கேளுங்கள். நன்கொடையா, இரவலா என்பதை எழுத்தில் வாங்காமல் கத்தியைக் கொடுத்துவிடாதீர்கள்.