பாலம் இடிக்கிறார்கள், நம் வயல் என்ன ஆகும்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். மன்னார்குடி வட்டத்தில் ஆற்றுப் பாலத்தை ஒட்டி எங்களுக்கு நஞ்சை நிலம் இருக்கிறது. பட்டா இன்னும் காலமான தாத்தா பேரில்தான். பழைய பாலத்தை இடித்துவிட்டு அகலமாகக் கட்டப்போவதாகக் குத்தகைக்காரர் போனில் சொன்னார். டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்தானே, தடுக்க முடியாதா?

பதில்: முடியாது. 2020-ல் வந்த அந்த வேளாண் மண்டலச் சட்டம் தடுப்பது புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகள், தோல் பதனிடும் ஆலை, உருக்காலை போன்றவற்றை. சாலை, மின்சாரம், குடிநீர் வேலைகளுக்கு அதிலேயே விலக்கு இருக்கிறது. இதை வைத்து வக்கீலுக்குச் செலவழிக்க வேண்டாம். பாலமும் ஊருக்கு வேண்டியதுதான்: பழைய பாலத்தின் குறுகிய கண்களில் (தூண்களுக்கு நடுவே தண்ணீர் போகும் வழிகளில்) ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டால், ஐப்பசி மழையில் முதலில் மூழ்குவது உங்கள் வயல்தான்.

நீங்கள் பார்க்க வேண்டியது அணுகுசாலையை. புதுப் பாலம் வெள்ள மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும் என்பதால் அதில் ஏறும் சாலையும் உயரும். ஒன்றரை மீட்டர் உயர்த்தி, ஒன்றுக்கு இரண்டு என்ற சரிவில் மண் கொட்டினால், ஒவ்வொரு பக்கமும் அடி 3 மீட்டர் விரியும். 100 மீட்டர் நீளத்துக்கு 300 சதுர மீட்டர், நம் டெல்டா நில அளவில் சுமார் 22 குழி. சரிவுக்குப் பதில் தாங்குசுவர் எழுப்பினால் இதில் பெரும்பகுதி மிச்சம். செலவு கூடும் என்பார்கள். ஆனாலும் வரைபடம் முடிவாவதற்குள் எழுத்தில் கேளுங்கள். கூடவே வடிகாலையும் கேளுங்கள். உயர்ந்த சாலை வயலுக்கு அணை மாதிரி நின்றுவிடும், அடியில் குழாய்ப் பாலம் இல்லாவிட்டால் சம்பா அழுகும். நிலம் போவதைவிட இந்த நஷ்டம்தான் அதிகம் என்பேன், வருஷா வருஷம் வருவதால்.

அடுத்தது தற்காலிக மாற்றுப்பாதை. ஒப்பந்தக்காரர் குத்தகைக்காரரிடம் கொஞ்சம் பணம் கொடுத்து வாய்வார்த்தையில் வயலுக்குள் கிராவல் கொட்டிவிடுவார், பிறகு அள்ளமாட்டார். இடம் கொடுப்பதானால் எவ்வளவு நாள், என்ன வாடகை, கிராவலை அள்ளி மேல்மண்ணைத் திரும்பப் பரப்புவது யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். அரசே தற்காலிகமாக எடுத்தால் 2013-ம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின் 81-ம் பிரிவில் மூன்று ஆண்டுதான் வரம்பு. நிலத்தைச் சீர்செய்து திருப்பித் தருவது 82-ம் பிரிவு. ஆற்றுக்குக் குறுக்கே போடும் மண் தடுப்பையும் கவனிக்கச் சொல்லுங்கள். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குள் அதை எடுக்காவிட்டால் குறுவைக்குத் தண்ணீர் வராது, அல்லது கரை உடையும்.

நிலத்தையே நிரந்தரமாக எடுப்பதானால் நெடுஞ்சாலைத் துறை 2001-ம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 15(2) பிரிவில் நோட்டீஸ் கொடுக்கும். ஆட்சேபம் சொல்ல அதுதான் வாய்ப்பு. இழப்பீடு 2013 சட்டக் கணக்குப்படி, சந்தை மதிப்போடு அதே அளவு ஆறுதல் தொகையும் சேரும். நோட்டீஸ் பட்டாவில் இருக்கும் பேருக்குத்தான் போகும். உங்கள் விஷயத்தில் இறந்துபோன தாத்தாவுக்கு. எனவே முதல் வேலை வாரிசுச் சான்று, பட்டா மாறுதல். பெங்களூரில் பஹணி (கர்நாடக நில ஆவணம்) பார்த்துப் பழகியவர்கள் கவனிக்க வேண்டும்: இங்கே பட்டா மட்டும் போதாது, நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படமும் வேண்டும். அதை வாங்கி சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். பல குடும்பங்கள் தங்களுடையது என்று நினைக்கும் கரையோரத் தென்னை ஆற்றுப் புறம்போக்கில் நிற்கும், அந்த மண்ணுக்கு நில இழப்பீடு கிடைக்காது. நிற்கும் பயிருக்கு வரும் பணம் சாகுபடி செய்தவருக்கு. அதைக் குத்தகைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், அவர்தான் உங்களுக்கு அங்கே கண்.